கருமாங்குளத்துப் படகு எஞ்சின்

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் ஓர் அரிசி ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டி, பத்துக்குப் பத்தில் ஒரு கடை உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர்களும் களை வெட்டும் மிஷின்களும் கைப்பிடி ஒடிந்த சின்ன ஜெனரேட்டர்களும் கிடப்பதுதான் அடையாளம். முருங்கைக்கு மருந்தடிக்கிற மூலனூர்க்காரர்கள்கூட ஸ்ப்ரேயரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இங்கேதான் வருவார்கள். "சென்னிமலை கடை எதுங்க?" என்று கேட்டால் பக்கத்து டீக்கடைக்காரர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுவார்.

சென்னிமலைக்கு ஐம்பத்து நான்கு வயது. நெசவுக்காரக் குடும்பம். பதிமூன்று வயதில் படிப்பை விட்டுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்தார். டெய்லர் தைக்கத் தைக்க எதிரில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை அது. துணி அவருக்கு ஒத்துவரவில்லை. கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் கிடந்த ஜெனரேட்டர்தான் ஒத்துவந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் ஓடிப்போய் அதன் பக்கத்தில் நின்றுகொள்வார். சில வருஷத்தில் அதை ஓட்டுகிறவரே அவர்தான் என்றானது. பிறகு கரண்ட் வெட்டு பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று போய், ஊரே ஜெனரேட்டரை நம்பித் துணி தைத்த காலம் வந்தது. அப்போது அவரைத் தெரியாத கம்பெனி முதலாளி அந்தப் பக்கத்தில் இல்லை. போனிலேயே எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "அடைப்பு ஏர் பில்டர்லீங்க, கழட்டி ஊதுங்க, சரியாப்போவும்" என்பார். பெரும்பாலும் சரியாகிப் போகும்.

கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் ஜெனரேட்டர் வேலை குறைந்தது. அவர் கடை போட்டு ஸ்ப்ரேயருக்கு மாறினார். மனைவி மருதம்மாள் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். மகள் சண்முகப்பிரியாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பெரிய குறையும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர்.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. கூப்பிட்டவர் ஈஸ்வரமூர்த்தி. நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர், கருமாங்குளத்துப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர்.

"ஏனுங் சென்னிமலை, படகு மோட்டார் பாப்பீங்களா?"

"படகு மோட்டாருங்களா? திருப்பூர்ல ஏதுங்க படகு?"

"நம்ம குளத்துப் படகுதானுங்க. நேத்து மத்தியானம் குளிக்கப் போன வடக்கத்திப் பையன் ஒருத்தன் உள்ள போயிட்டான். இன்னும் கெடைக்கல. தீயணைப்புக்காரங்க வந்து தேடறாங்க. அவங்க ரப்பர் படகு வேற எடத்துக்கு வெள்ளத்துக்குப் போயிருக்குதாம். நம்ம படகு இருக்குது, மோட்டாரு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. ஒரே பெட்ரோல் நாத்தம். எட்டிப் பாத்துட்டுப் போங்க."

சென்னிமலை பெரிய ஸ்பேனர் செட்டையும், ஸ்ப்ரேயர் கார்புரேட்டர் சாமான் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவையும் எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு வாரமாகப் பெய்த மழையில் கருமாங்குளம் கரை முட்ட நின்றது. முந்நூறு ஏக்கர் தண்ணீர். அதில் பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. கரையில் தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி வீசி வீசி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வந்ததெல்லாம் கொடியும் சேறும்தான். முந்தின நாள் அவனோடு குளிக்க வந்த கூட்டாளிகள் யாரும் அங்கே இல்லை. திங்கட்கிழமை; ஷிப்மெண்ட் அவசரம் என்று கம்பெனி வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

குளத்தைத் தூர்வாரி முடித்த கையோடு குழுவினர் வாங்கிய படகு அது. தாமரையை அகற்றவும், பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகவும் என்று வாங்கினார்கள். திறப்பு விழாவன்று ஒரு சுற்று வந்ததோடு சரி. இரண்டு வருஷமாக மோட்டார் ஒரு கொட்டகையில் படுதா போர்த்திக் கிடந்தது. இப்போது அதைப் படகின் பின்னால் மாட்டி, காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் கயிற்றை இழுத்திருந்தார்கள். இழுத்தவர்கள் கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

தீயணைப்பு அணியின் தலைவர் செந்தில்வேல், நாற்பது வயதுக்காரர், ஈரச் சட்டையோடு வந்து நின்றார். "பெட்ரோல் பம்ப் பண்றோம், சோக் இழுக்கறோம், ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க. கரையில நின்னு கரண்டி வீசி இந்தக் குளத்தைத் தேட முடியாது. நடுவுல போகணும்."

"பாக்கறேனுங்க" என்றார் சென்னிமலை.

மூடியைக் கழற்றியதும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. இரண்டு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். கொஞ்சம் பெரிய ஸ்ப்ரேயர் எஞ்சினைத் தலைகீழாக நிறுத்தியது போலத்தான் இருந்தது. பிளக் இரண்டையும் கழற்றினார். எண்ணெயில் முக்கியெடுத்தது போல் நனைந்து கறுத்திருந்தன.

அப்போதுதான் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஞாயிறு ஓவர்டைமுக்குப் போயிருந்தவள் சேதி கேட்டு அப்படியே ஓடிவந்தவள்; வீட்டுக்குப் போகவே இல்லை.

"அந்தப் பையனோட சம்சாரமுங்க" என்று மெதுவாகச் சொன்னார் ஈஸ்வரமூர்த்தி. "ஒடிசாப் பக்கமாம். பேரு சபிதா."

அவள் அழவில்லை. பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இது தொடைக்கணும்?" என்று கேட்டாள். நான்கு வருஷம் பிசிர் வெட்டும் வேலையில் கேட்டுக் கேட்டுப் படித்த தமிழ்.

"ஆமா கண்ணு. தொடச்சுக் காய வைக்கோணும்."

கையை நீட்டினாள். கொடுத்தார். துப்பட்டாவின் ஓரத்தால் அவள் அந்தப் பிளக்கின் முனையைத் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்கினாள். துணியில் நூல் பிசிர் தேடிப் பழகிய விரல்கள். முனையின் இடுக்கில் இருந்த கரியைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

பிளக் இல்லாமல் கயிற்றை இழுத்தார் சென்னிமலை. உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் புகையாய்ப் பீறிட்டு வெளியே வந்தது. பிளக்கை ஒயரில் பொருத்தி, வெளியே வைத்து இழுத்துப் பார்த்தார். நீலமாக, நன்றாகவே பொறி வந்தது. நெருப்பில் குறை இல்லை. டேங்க்கிலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. இரண்டு வருஷத்துப் பெட்ரோல். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோல் வாங்கி வரச் சொல்லி, ஆயில் கலந்து ஊற்றினார்.

பெட்ரோல் குழாயின் நடுவில் ரப்பர் உருண்டை ஒன்று இருக்கும். அதை அமுக்க அமுக்கப் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் உருண்டை கல்லாகிவிட வேண்டும். சென்னிமலை அமுக்கினார். பத்து முறை, இருபது முறை. உருண்டை கெட்டியாகவே இல்லை. கார்புரேட்டரின் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

"இதுதானுங்க கேடு" என்றார். "கிண்ணம் ரொம்புனா மிதவை மேல வந்து ஊசி வால்வை மூடோணும். மூடறதில்ல. அதனால பெட்ரோல் நிக்காம உள்ள போயிட்டே இருக்குது. எஞ்சினு எரிக்கறதுக்குப் பதிலாக் குடிச்சிட்டுக் கெடக்குது."

சபிதாவுக்கு அதில் பாதி புரிந்திருக்கும். "உள்ள ரொம்ப போச்சு?" என்றாள்.

"ஆமா கண்ணு."

"வெளிய எடுத்தா, ஓடும்?"

"ஓடும்."

"ஓடினா, பிகாஷ் வருவாரு" என்றாள்.

பிகாஷ் அவள் புருஷன். சென்னிமலையின் கை ஒரு கணம் நின்றது. முந்தின நாள் மத்தியானம் ஒரு மணிக்கு மூழ்கியவன். இப்போது பத்தரை மணி. அவர் நிமிர்ந்து ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி குளத்தைப் பார்த்துக்கொண்டார். சென்னிமலை குனிந்து, கார்புரேட்டரின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

கிண்ணத்துக்குள் பச்சையும் மஞ்சளுமாய் அரக்கு போல் படிந்திருந்தது. ஊசியின் நுனி ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. கழற்றிய திருகுகளைச் சபிதா துப்பட்டாவில் வாங்கி, முதலில் கழற்றியது முதலில் இருக்குமாறு வரிசையாக வைத்துக்கொண்டாள். சென்னிமலை பிஸ்கட் டப்பாவைக் கொட்டி, இருந்த ஊசிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் பழைய தண்ணீர் எஞ்சின் ஒன்றின் ஊசி, அரம் போட்டு அரை நூல் அளவு ராவித் தேய்த்ததும் உள்ளே உட்கார்ந்தது. எல்லாவற்றையும் கழுவிக் கரைக் கல்லின் மேல் வெயிலில் காயவைத்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் அடித்தது.

மாட்டும் முன்பு கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துக் குழாயில் வாய் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. நேராகப் பிடித்து ஊதினார். போனது. ஊசி மூடுகிறது, திறக்கிறது. மறுபடி ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார்.

இரண்டே முக்கால் மணிக்கு ரப்பர் உருண்டை கையில் கல்லானது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கரை முழுக்கப் பரவியது. தண்ணீரில் நின்ற வீரர்கள் கைதட்டினார்கள். சபிதா எழுந்து நின்றாள். அன்றைக்கு முதல் முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது போலிருந்தது. சென்னிமலையின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அதைவிடப் பயமாக இருந்தது.

செந்தில்வேலும் இன்னொரு வீரரும் படகில் ஏறிப் போனார்கள். படகு நடுக்குளத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. ஈஸ்வரமூர்த்தி டீ வாங்கி வரச் சொன்னார். சென்னிமலை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். அரை மணி நேரம் சத்தம் சீராக இருந்தது. பிறகு ஒரு சிறு தடுமாற்றம். ஒன்று விட்டு ஒன்றாகப் பிடிப்பது போல, தொண்டையில் சளி கட்டியவன் பேசுவது போல, சத்தம் கனத்தது. படகில் இருந்தவர்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் நடுக்குளத்தில் எஞ்சின் நின்றது. செந்தில்வேல் கயிற்றை இழுப்பதும், குனிவதும், மறுபடி இழுப்பதும் தூரத்தில் தெரிந்தது. பிறகு அவர்கள் துடுப்பை எடுத்தார்கள். கொடி சிக்கிச் சிக்கிக் கரை வந்து சேர்வதற்குள் பொழுது இறங்கிவிட்டது.

மூடியைத் திறந்ததும் அதே வாடை. பிளக் இரண்டும் அதே நனைவு. சென்னிமலை கிண்ணத்தைக் கழற்றி, இந்த முறை மிதவையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். கனத்தது. நகத்தால் அழுத்தினார். பெட்ரோல் கசிந்தது. பஞ்சு போல் உள்ளே பெட்ரோலை உறிஞ்சி வைத்திருந்தது அது. காலையில் வெயிலில் காயவைத்ததால் லேசாகிச் சரியாக மிதந்தது. அரை மணி நேரம் பெட்ரோலில் கிடந்ததும் மறுபடி குடித்து, கனத்து, கீழே போய்விட்டது. ஊசியைப் பார்த்தவர் மிதவையைப் பார்க்கவில்லை. அதைக் கையில் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

"தப்பு என்னோடதுங்க" என்றார் செந்தில்வேலிடம். "இதைக் காலைலயே பாத்திருக்கோணும்."

"விடுங்க. இன்னிக்கு முழுக்க ஓடியிருந்தாலும்..." என்று ஆரம்பித்த செந்தில்வேல், சபிதா பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சபிதாவை அவள் தங்கியிருந்த லைன் வீட்டிலிருந்து வந்த பெண்கள் இருவர் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். போகும்போது திரும்பி, "அண்ணா, நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்கு ஓட்டிப்போடலாம் கண்ணு."

வீட்டுக்குப் போனதும் மருதம்மாள் சோறு போட்டு வைத்தாள். அவர் தட்டைத் தொடாமல், அறிந்தவர் தெரிந்தவருக்கெல்லாம் போன் போட்டார். திருப்பூரிலும் இல்லை, கோயமுத்தூரிலும் இல்லை. கொச்சியில் ஒரு கடைக்காரர், மிதவை இருக்கிறது, கொரியரில் நாலு நாள் ஆகும் என்றார்.

"நாலு நாளு எதுக்குங்க இனி?" என்றாள் மருதம்மாள். குத்தலாக அல்ல, உண்மையாகவே கேட்டாள்.

"தெரியுது."

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"என்னன்னு சொல்றது?"

"மோட்டாரு ஓடுனா புருசன் வருவான்னு நெனச்சிட்டு இருக்குதுன்னு சொன்னீங்கல்லொ. அப்பிடி இல்லைன்னு யாராச்சும் சொல்லோணுமில்லீங்க."

அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்ல ஈஸ்வரமூர்த்தி இருந்தார், செந்தில்வேல் இருந்தார், போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்கள். நாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். ஓடும், ஓடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவரும் இவர்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், என்ன செய்வது என்று தெரியாமலே குளத்துக்குப் போனார். மிதவையைக் கசக்கிக் காயவைத்து மாட்டினால் அரை மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். குழாயைக் கையில் எடுத்து யோசித்துக்கொண்டிருந்தபோது, விரலால் அதை மடக்கிப் பிடித்தார். பெட்ரோல் அதிகமாகப் போவதுதானே கேடு. போகிற வழியிலேயே மறித்தால்? எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் கனத்தால் குழாயை நெருக்க வேண்டும். சத்தம் கீச்சென்று மெலிந்தால் விட வேண்டும். உள்ளே மிதவை செய்கிற வேலையை வெளியே இரண்டு விரல் செய்ய வேண்டும். கரையிலேயே கட்டிப்போட்டு ஓட்டிப் பார்த்தார். கால் மணி நேரம் ஓடியது. அரை மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை.

"ஆவுதுங்க" என்று செந்தில்வேலிடம் சொன்னார். "ஆனா நான் கூட வரோணும். இது காதுல கேட்டுப் புடிக்கற வேலை."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

செந்தில்வேல் ஒரு மிதவைச் சட்டையை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஈஸ்வரமூர்த்தியின் போன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார். வைத்துவிட்டு அருகில் வந்தார்.

"அக்கட்டக் கரையில ஆடு மேய்க்கறவங்க ஒருத்தர் கூப்பிட்டாருங்க. ஆகாயத்தாமரைக்குள்ள என்னமோ ஒதுங்கியிருக்குதாம். நீலச் சட்டைன்னாரு."

பிகாஷ் நீலப் பனியன் போட்டிருந்ததாக அவன் கூட்டாளிகள் போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பக்கம் பாதை கிடையாது. மழையில் முழங்கால் வரை சேறு, அதைத் தாண்டி முள்காடு. படகில்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் சபிதா வந்து சேர்ந்தாள். குளித்து, வேறு உடை மாற்றியிருந்தாள். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வேகமாக நடந்து வந்தாள். ஒரு பையில் ஏதோ வைத்திருந்தாள்.

"ஓடுது அண்ணா?"

"ஓடுது கண்ணு."

"இது அவருக்கு." பையை நீட்டினாள். சலவை செய்து மடித்த சட்டை ஒன்றும் பேன்ட் ஒன்றும். "தண்ணில ரெண்டு நாள். குளிரும்."

சென்னிமலை பையை வாங்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். செந்தில்வேல் படகிலிருந்து, "ஏறுங்க" என்றார். ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் குழாயை விரலில் பிடித்துக்கொண்டார்.

அது ஆகாயத்தாமரையின் ஊதாப் பூக்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்தது. செந்தில்வேல் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மற்ற வீரரோடு சேர்ந்து கொடியை அறுத்து, தார்ப்பாயை அடியில் செலுத்தி, படகுக்குள் இழுத்தார். சென்னிமலை பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். பார்த்துவிட்டார். கை மட்டும் தார்ப்பாய்க்கு வெளியே இருந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. செந்தில்வேல் அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்து மூடினார். மிகவும் மெதுவாகச் செய்தார், தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

வரும்போது அவர் காலடியில் தார்ப்பாய் கிடந்தது. விரலில் குழாய். சத்தம் கொஞ்சம் கனத்தது, நெருக்கினார். மெலிந்தது, விட்டார். முப்பத்தைந்து வருஷமாக எத்தனையோ எஞ்சினைத் தொட்டவர். இவ்வளவு சீராக ஒன்றை ஓட்டியதில்லை. எதிரே கரை தெரிந்தது. முதலில் வேலமரங்கள், பிறகு தீயணைப்பு வண்டி, பிறகு ஆட்கள். ஆட்களை விட்டுத் தனியாக, தண்ணீர் ஓரத்தில், கையில் பையோடு ஒருத்தி.

குழாயை இறுக்கிப் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் படகு நடுக்குளத்தில் நிற்கும். துடுப்புப் போட்டால் ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவள் புருஷன் வருவான் என்று அங்கே நின்றுகொண்டிருப்பாள். அவர் விரல்கள் தாமாகவே இறுகின. சத்தம் கீச்சிட்டது. செந்தில்வேல் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்று சென்னிமலை விரலைத் தளர்த்தினார். எஞ்சின் பழையபடி ஓடியது.

கரை தட்டியதும் வீரர்கள் ஓடிவந்து படகைப் பிடித்தார்கள். போலீஸ்காரர் அவளைத் தடுத்தார். அவள் முண்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே தார்ப்பாயைப் பார்த்தாள். பிறகு சென்னிமலையைப் பார்த்தாள்.

"மோட்டார் நல்லா ஓடுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் உட்கார்ந்தாள். முதலில் வந்தது அழுகையே இல்லை. பெயர் எதுவுமில்லாத ஒரு சத்தம். லைன் வீட்டுப் பெண்கள் வந்து அவளை மூடிக்கொண்டார்கள். படகிலிருந்து இறங்கிய சென்னிமலைக்குக் குழாய் பிடித்த விரல் இரண்டும் விரிய மறுத்தன. இடது கையால் பிடித்து இழுத்து விரித்தார்.

அன்றைக்கு அவர் அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு மோட்டாரிலிருந்த பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்து, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, ஊறிப்போன மிதவையை ஒரு பாலிதீன் கவரில் போட்டு ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்தார்.

"இதைக் கொச்சிக்கு அனுப்பி வேற வாங்கிப் போடோணுமுங்க. மாசத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஓட்டி வெக்கோணும். நீங்க கூப்புட்டா நானே வந்து ஓட்டீட்டுப் போறனுங்க."

"கண்டிப்பா பண்ணீரலாமுங்க" என்று ஈஸ்வரமூர்த்தி கவரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பொய் சொல்கிறவர் அல்ல அவர். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னார்.

கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வியாழக்கிழமை சபிதா ஒடிசாவுக்குப் போனாள் என்று மருதம்மாள் செக்கிங் செக்ஷனில் கேட்டுவந்து சொன்னாள். திரும்பி வருவாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் வேலை செய்த மேஜையில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்களாம்.

மார்கழியில் சென்னிமலை இரண்டு முறை ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டார். ஒரு முறை அவர் காதர்பேட்டைப் பனியன் சந்தையில் வட நாட்டு வியாபாரி ஒருவரோடு இருந்தார். இன்னொரு முறை எடுக்கவில்லை. தையில் அந்தப் பக்கம் ஒரு ஸ்ப்ரேயரைக் கொடுக்கப் போனபோது, வண்டியைத் திருப்பிக் குளத்துக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். பூட்டியிருந்தது. இடுக்கு வழியே பார்த்தால் மோட்டார் அதே படுதாவுக்குள் நின்றது. குளத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஆகாயத்தாமரை இன்னும் பரவியிருந்தது. குளிக்கக் கூடாது என்று ஒரு பலகை தமிழில் மட்டும் எழுதி நட்டிருந்தார்கள். அதன் கீழே ஹிந்தி பேசிக்கொண்டு நான்கைந்து பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். "ஆழமுங்க, உள்ள போவாதீங்க" என்று கையால் ஜாடை காட்டிச் சொன்னார். அவர்களில் ஒருவன் சிரித்துத் தலையாட்டிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கினான்.

பங்குனியில் ஈஸ்வரமூர்த்தியே கூப்பிட்டார்.

"குழுவுல பேசிட்டமுங்க. அந்த மோட்டாரு சும்மா எடத்தை அடைச்சிட்டுக் கெடக்குது. குடுத்துப்போடலாம்னு முடிவு. பழைய சாமான் எடுக்கறவங்க யாராச்சும் தெரியுமுங்களா?"

சென்னிமலை முன்னால் ஒரு களை வெட்டும் மிஷின் பிரித்துக் கிடந்தது. அதன் திருகுகளை ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தார்.

"நல்ல எஞ்சினுங்க அது" என்றார். "ஒரு மிதவை மாத்துனா ஓடும்."

"அது சரிங்க. யாரு ஓட்டறது?"

சென்னிமலை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மூடியிலிருந்து ஒரு திருகை எடுத்து மிஷினில் மாட்டினார்.

"கேட்டுச் சொல்றனுங்க" என்றார் பிறகு.